தலைக்குக் குளித்தல்

தங்கை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் வருடம் வீட்டில் எனக்கு ஒரு வேலை இருந்தது. சாயங்காலம் குளித்துவிட்டு வந்து ஈரத் தலையை என் பக்கம் குனிவாள். "அண்ணா, வாடை அடிக்குதா பாரு." நான் மோந்து பார்த்துச் சொல்ல வேண்டும். அடிக்குது என்றால் முகம் விழுந்துவிடும், திரும்பவும் குளியலறைக்குப் போவாள்.

அவளால் அதைக் கண்டுபிடிக்க முடியாது. டிசெக்‌ஷன் ஹாலில் நுழைந்தவுடன் கண் எரியும், மூக்கில் நீர் வடியும். கொஞ்ச நேரத்தில் மூக்கு பழகிவிடும். தொடர்ந்து வரும் வாசனையை மூளை ஒதுக்கி வைத்துவிடுகிறது. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போனபோதுதான் தனக்குத் தெரிந்தது என்றாள். தன்மேல் என்ன வாடை அடிக்கிறது என்று தெரிந்துகொள்ள மனிதனுக்கு இன்னொருவர் மூக்கு தேவைப்படுகிறது.

இன்ஜினியர் என்பதால் நான் இதை ஒரு பிரச்சினையாக எடுத்துக்கொண்டு தீர்க்கப் பார்த்தேன். பார்மலின் என்பது பார்மால்டிஹைடு வாயு தண்ணீரில் கரைந்த கரைசல். கடைகளில் கிடைப்பதில் சுமார் 37 சதவீதம் பார்மால்டிஹைடு இருக்கும், அதை நீர்த்துப் பயன்படுத்துவார்கள். புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து இறுக்கிவிடுவதால் உடல் அழுகுவதில்லை. கூடவே பீனால், கிளிசரின் எல்லாம் சேர்ப்பதுண்டு. பார்மால்டிஹைடு தண்ணீரில் நன்றாகக் கரையும், அதனால் அலசினால் பெரும்பாலும் போய்விடும். அடம்பிடிப்பது பீனாலும், உடலிலிருந்து கையுறையில் ஒட்டும் கொழுப்பும்தான். நெற்றியில் விழும் முடியை அதே கையுறையோடு ஒதுக்குவதுதான் எல்லோரும் செய்யும் முதல் தப்பு.

சீனியர்கள் சொன்னதும் நாங்கள் சோதித்ததுமாக ஒரு முறை உருவானது. காலையில் எண்ணெய் வைக்கக் கூடாது, எண்ணெய்த் தலை வாடையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பின்னலை இறுக்கிக் கொண்டை போட்டு, காது மூடும்படி பருத்தித் தொப்பி. கோட்டைத் தனிப் பையில் கட்டி வைக்க வேண்டும், புத்தகப் பையில் திணிக்கக் கூடாது. சென்ட் அடிக்கவே கூடாது, அடித்தால் இரண்டும் சேர்ந்து மூன்றாவதாக ஒன்று வரும். வந்தவுடன் குளித்து, முடியைக் காற்றில் உலர்த்த வேண்டும். மல்லிகைப்பூ ஞாயிற்றுக்கிழமை மட்டும். இதெல்லாம் வெறும் அழகுக் கவலையும் இல்லை. பார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் வகைப்படுத்தியது. ஹாலில் ஜன்னல்கள் திறந்திருக்கின்றனவா, எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறதா என்பதெல்லாம் தொப்பியைவிட முக்கியம்.

அம்மாவின் கணக்கு வேறு. கொல்லைப்புறக் குளியலறையில் தலைக்குக் குளித்த பிறகே அவள் வீட்டுக்குள் வரலாம். இழவு வீட்டுக்குப் போய் வந்தால் செய்வோமே, அதையே தினமும். "அம்மா, இது பார்மலின். பொண வாடை இல்ல. பொண வாடை வராம இருக்கத்தான் அதையே ஊத்துறாங்க" என்று தங்கை விளக்குவாள். "ரெண்டும் ஒண்ணுதான், போய்க் குளி" என்பார் அம்மா.

ஒருநாள் தலை துவட்டிக்கொண்டே தங்கை சொன்னாள். அவர்கள் மேஜையில் இருந்தவர் வயதானவர். வலது முன்கையில் பச்சை குத்தியிருந்தது, தமிழில் ஏதோ ஒரு பெயர். முதல் இரண்டு எழுத்து மட்டும் படிக்க முடிந்தது. முன்கைக்கு வந்தபோது தோலோடு அதுவும் போய்விட்டது. "யார் பேருன்னு யாருக்குமே தெரியாதுல்ல அண்ணா?" என்றாள். யாரும் உரிமை கோராத உடல் அது. நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. வாடை போய்விட்டது என்று சொல்லியிருப்பேன்.

உடற்கூறு மேஜைக்கு யார் வருகிறார்கள் என்பது பழைய கேள்வி. 1828இல் எடின்பரோவில் பர்க், ஹேர் என்ற இருவர் பதினாறு பேரைக் கொன்று உடல்களை ஓர் உடற்கூறு ஆசிரியருக்கு விற்றார்கள். அந்த அதிர்ச்சிக்குப் பிறகு பிரிட்டன் 1832இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. கொலைக்கும் கல்லறைத் திருட்டுக்கும் அது முடிவு கட்டியது. ஏழைகள் விடுதிகளில் இறந்து, கேட்க ஆளில்லாமல் கிடந்த உடல்களை மருத்துவப் பள்ளிகளுக்குக் கொடுக்க வழிசெய்தது. அதுவரை தூக்கிலிடப்பட்ட கொலைகாரருக்குத் தண்டனையாக இருந்த ஒன்று ஏழ்மைக்கான கட்டணமாக ஆனது. இங்கே 1836இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா சாதித் தடையை மீறி உடலை அறுத்தார், அதைத் துணிச்சல் என்று கொண்டாடுகிறோம், சரிதான். ஆனால் அறுப்பவரின் துணிச்சலைப் பேசும் அளவுக்கு அறுக்கப்பட்டவரைப் பேசுவதில்லை. நம் மாநிலங்களின் சட்டங்களும் உரிமை கோரப்படாத உடல்களைக் கல்லூரிகளுக்கு அனுப்ப இடம் தருகின்றன. தானமாக வருபவையும் உண்டு. 2010இல் ஜோதிபாசு இறந்தபோது அவர் விருப்பப்படி உடல் மருத்துவமனைக்குத்தான் போனது.

அப்பாவுக்கும் அந்த ஆசை வந்தது. மகள் படித்த பெருமையில் வந்த ஆசை. படிவம் வாங்கி நிரப்பினார். சாட்சிக் கையெழுத்தில் ஒன்று என்னுடையது.

ஐந்து வருடம் கழித்து, தங்கை ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது, ஒரு விடிகாலையில் அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். நம் நடைமுறையில் அந்தப் படிவம் ஒரு விருப்பம் மட்டும்தான். உறவினர்கள் ஒப்படைத்தால்தான் உடல் கல்லூரிக்குப் போகும். பெரியப்பா முடியவே முடியாது என்றார். அவரைச் சமாளித்திருப்பேன். அம்மாதான் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அவரு தலையில அந்த வாடை அடிக்கக் கூடாதுடா." ஒரு வருடம் முழுக்க அவர் கொல்லைப்புறத்தில் கழுவச் சொன்ன வாடை. நான் படிவத்தைப் பீரோவிலிருந்து எடுக்கவே இல்லை.

மயானத்தில் எனக்கு மொட்டை அடித்தார்கள், கொள்ளி வைத்தேன். வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தேன். வாடை தங்க முடியே இல்லை. அன்று இரவு தங்கை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் சண்டை போடவில்லை. "எங்க டேபிள்ல இருந்த தாத்தாவுக்கு, வேண்டாம்னு சொல்ல யாருமே இல்ல, இல்லண்ணா?" என்று மட்டும் கேட்டாள்.

நான் செய்தது தவறா? இறந்தவருக்கு வலியில்லை, உயிரோடு இருந்த அம்மாவுக்கு இருந்தது என்று வாதாடலாம். பல வருடம் அப்படித்தான் வாதாடினேன். அதில் உண்மையும் இருக்கிறது. சடங்கு இறந்தவருக்கானது அல்ல, இருப்பவர்களுக்கானது. ஆனால் அந்த வாதத்தை நீட்டிப் பாருங்கள். அழ ஆள் இருப்பவர்களை எரிக்கலாம், அழ ஆளில்லாதவர்களை அறுக்கலாம் என்ற இடத்தில் போய் நிற்கும். 1832 சட்டம் நின்ற இடமும் அதுதான். அம்மாவின் துக்கத்துக்கு நான் கொடுத்த மரியாதை, யாரும் துக்கப்படாத ஒரு முதியவரின் உடம்பால் ஈடுகட்டப்படுகிறது. என் தங்கையின் கை அவர்மீதுதான் பழகியது. நாளை என் நெஞ்சில் கை வைக்கப்போகும் மருத்துவரும் அப்படி ஒருவர்மீது பழகியிருப்பார். வாங்குவதில் நமக்குத் தயக்கமே இல்லை. நம் வீட்டு முறை வரும்போதுதான் வாடை தெரிகிறது.

இதற்காக அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். அன்று காலை ஐந்து மணிக்கு அந்தப் பேச்சைத் தொடங்கியது என் தவறு. சாட்சிக் கையெழுத்துப் போட்ட அன்றே தொடங்கியிருக்க வேண்டும். ஐந்து வருடம் இருந்தது. அப்பாவுக்கு என்ன நடக்கும், யார் பொறுப்பில் இருப்பார், கடைசியில் எப்படி எரிப்பார்கள் என்று அம்மாவுக்கு நானோ தங்கையோ உட்கார்ந்து சொல்லவே இல்லை. நாங்கள் அவரிடம் பேசியதெல்லாம் வாடை போகிறதா இல்லையா என்பதை மட்டும்தான்.

போன வருடம் நானும் படிவம் நிரப்பினேன். கையெழுத்து ஐந்து நிமிட வேலை. அதன் பிறகு மனைவியிடம் பேசத் தொடங்கினேன், இன்னும் முடியவில்லை. முதலில் எழுந்து போய்விட்டாள். அடுத்த முறை "குழந்தை கேட்டா என்ன சொல்றது?" என்றாள். போன வாரம் அவளாகவே கேட்டாள்: "கடைசியா ஒரு தடவ குளிப்பாட்டி அனுப்பலாமா?" தங்கைக்கு போன் போட்டுக் கேட்டேன்.

"குளிப்பாட்டலாம் அண்ணா. சீக்கிரம் அனுப்பணும், அவ்வளவுதான்" என்றாள்.