விடுமுறைப் பிரயாணத்தில் யாருடைய விருப்பம்?

விடுமுறை நாட்கள் இரண்டு மூன்று சேர்ந்தாற்போல் வந்துவிட்டால், தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் நம்மவர்க்குக் கோலாலம்பூர் ஞாபகம் வந்துவிடுகின்றது. லாபு நிலையத்தில் ரயிலேறினால், வண்டி மாறாமலே தலைநகரையும், அதைக் கடந்து பத்துமலையையும் அடையலாம். பிரயாணம் எளிது, எங்கெங்குச் செல்வதென்று ஜாபிதா போடுவதுதான் கடினம். அந்த ஜாபிதாவை யாரைக் கேட்டுப் போடுவது என்பது ஒழுக்கத்தைச் சார்ந்த கேள்வியென்பது நமது அபிப்பிராயம். நகைப்பாரும் உளர், நகைக்கட்டும்.

வழக்கம் யாது? வீட்டுத் தலைவன் காகிதமும் பென்சிலும் எடுக்கின்றான். 452 மீட்டர் உயரமுள்ள இரட்டைக் கோபுரம், 1963-இல் திறக்கப்பட்ட தேசியப் பொருட்காட்சிசாலை, 1897-இல் கட்டி முடிந்த சுல்தான் அப்துல் சமாட் மாளிகை, மஸ்ஜித் இந்தியாத் துணிக்கடைகள், பத்துமலை என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றிற்கும் மணிக்கணக்கும் போட்டுவிடுகின்றான். கோபுரப் பாலத்தில் ஏற முன்கூட்டியே சீட்டு வாங்க வேண்டுமென்பதுகூட அவனுக்கு மறப்பதில்லை. பிறகு மனைவியைப் பார்த்து, “உனக்கு எங்கே போக வேண்டும்?” என்கின்றான். “எங்கேயானாலும் சரி” என்று விடை வருகின்றது. இதைச் சம்மதமென்று கொள்கின்றார்கள். நாம் அங்ஙனம் கொள்வதற்கில்லை. ஆயுளில் ஒருநாளும் விருப்பம் கேட்கப்படாதவர்க்கு, கேட்ட அந்தக் கணத்தில் விருப்பம் எங்கிருந்து வரும்?

புறப்படும் நாளில் விடியற்காலம் மூன்று மணிக்கு எழுந்து புளிச்சோறு கிண்டிப் பொட்டலம் கட்டுகிறவள் அவள்தான். 1955-ஆம் வருஷத்து வேலைச் சட்டம் இன்று தொழிலாளிக்கு வருஷத்தில் 11 பொது விடுமுறை நாட்களைச் சம்பளத்துடன் அளிக்கின்றது. அடுப்படிக்கு அச்சட்டம் எட்டவில்லை. பத்துமலையிலோ 272 படிகள். ஏற இயலாத பாட்டி, 2006-இல் எழுப்பப்பட்ட முருகன் சிலையின் அடியில் பைகளுக்கும் செருப்புகளுக்கும் காவலாக அமர்த்தப்படுகின்றாள். “சிலையைப் பார்த்தாயிற்றல்லவா?” என்று சமாதானம் வேறு! காவலுக்கு அழைத்துச் சென்றுவிட்டு அதனை உல்லாசப் பிரயாணமென்பது எந்த நியாயம்?

திட்டமிடுவதே தவறென்று நாம் கூறவில்லை. 1841-இல் இங்கிலாந்தில் தாமஸ் குக் என்பவர் லெஸ்டர் நகரிலிருந்து லவ்பரோவிற்குச் சுமார் 500 பேரை, தலைக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் ரயிலில் கூட்டிச் சென்றார். அது மதுவிலக்குக் கூட்டத்திற்குச் சென்ற வண்டி. (கள்ளுக்கடைகளின் பழைய சரித்திரம் அறிந்த தோட்டத்தார்க்கு இதனை விரிக்க வேண்டியதில்லை.) தனியே புறப்பட வசதியற்றவர்க்கும் பிரயாணம் கிட்டச் செய்தது அவருடைய ஏற்பாடு. நம் வீடுகளிலோ, ஏற்பாடு செய்பவருக்கே பிரயாணம் கிட்டுகின்றது. மற்றவர்கள் மூட்டைகளோடு மூட்டையாகச் சென்று திரும்புகின்றார்கள்.

ஐவரைக் கேட்டால் ஐந்து திசை சொல்வார்கள், ரயில் போய்விடும் என்று ஆட்சேபிக்கலாம். உண்மைதான். எல்லார் விருப்பமும் இரண்டு நாளில் நிறைவேறாது. ஆனால் ஏமாற்றம் எப்பொழுதும் அதே இருவர்க்கே ஏன் வாய்க்க வேண்டும்? ஆளுக்கொரு விருப்பமெனக் கேட்டு, ஜாபிதாவில் இரண்டு இடங்களை அடித்துவிட்டால் குடி முழுகிவிடாது. கோபுரத்தை இவ்வருஷம் கீழிருந்தே பார்க்கலாம்.

ஓய்வு பெற்ற பால்மரத் தொழிலாளி, ஒரு மூதாட்டி. அவரை நாம் ஒன்றுக்கு மூன்று முறை கேட்டோம். மூன்றாம் முறை, சிறிது வெட்கத்துடன், “கடையிலே உட்கார்ந்து ஒருவேளை சாப்பிடணும், அய்யா. பொட்டலம் வேண்டாம். இலை போட்டு யாராவது பரிமாறணும்” என்றார். எந்த ஜாபிதாவிலும் இவ்விடம் எழுதப்பட்டு நாம் பார்த்ததில்லை. பிரிக்பீல்ட்ஸில் அதற்குக் கடைகளுக்குக் குறைவில்லை.

சில பெண்கள், “நான் வரவில்லை, வீட்டில் படுத்துத் தூங்க வேண்டும்” என்று சொல்லவும் கூடும். அப்படியாயின், அன்று முழுவதும் அவ்வீட்டில் அடுப்பு மூட்ட வேண்டிய அவசியம் நேராதபடி உணவுக்கு ஏற்பாடு செய்துவிட்டு, குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு மற்றவர்கள் ரயிலேறலாம்.