சாலைக்கும் கலுங்கு வேண்டும்

இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் பாறை உருண்டு விழ மலை இல்லை. மன்னார் வளைகுடாவை ஒட்டிய மணல் தரை, பனைகள், கண்மாய்கள். இந்தச் சமதரையில் சாலைக்கு என்ன ஆபத்து என்று தோன்றும். சமதரைதான் ஆபத்து. வாட்டம் குறைந்த நிலத்தில் மழைநீர் மெதுவாக, ஆனால் அகலப் பரவி நகரும். அதன் குறுக்கே மண் கொட்டி உயர்த்தித் தார் போட்டால், நமக்கு அது சாலை. தண்ணீருக்கு அது கரை.

இராமநாதபுரம் கரைகளை நன்கறிந்த சீமை. வைகையே பெரிய கண்மாயில் வந்து அடங்கி, மிஞ்சிய நீர்தான் ஆற்றங்கரை என்ற ஊர் அருகே கடலுக்குப் போகிறது. கண்மாய் வெட்டியவர்கள் கரையோடு நிறுத்தவில்லை. பாசனத்துக்கு மடையும், மிஞ்சிய நீருக்குக் கலுங்கும் வைத்தார்கள். கலுங்கில்லாத கரை உடையும் என்பது இங்குள்ள விவசாயிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சாலையின் கலுங்கு, அதன் அடியில் இருக்கும் சிறுபாலம்.

மழைக்கு முன் அந்தச் சிறுபாலத்தின் வாயைக் குனிந்து பாருங்கள். குழாயில் பாதி உயரம் வண்டல். மீதியில் சீமைக் கருவேல முள், முள்ளில் சிக்கிய பாலித்தீன் பைகள். வழி அடைபட்டால் நீர் தேங்கிச் சாலைமேல் ஏறும். ஏறும் பக்கத்தைவிட இறங்கும் பக்கமே முதலில் அரிக்கும். தார் விளிம்பிலிருந்து விழும் நீர் ஓரத்து மண்ணைப் பறிக்க, பள்ளம் தாருக்கு அடியில் உள்ளே உள்ளே போகும். மேலே சாலை முழுதாகத் தெரியும்; அடியில் மண் இருக்காது. அடுத்து வரும் பஸ்ஸின் எடை போதும், அது உடைய. அதனால்தான் நீர் ஓடும் சாலையில், ஆழம் முழங்காலுக்குக் கீழே தெரிந்தாலும், வண்டியை இறக்கக் கூடாது.

2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.யைத் தாண்டியது. அந்த வெள்ளத்தில் ஏரல் தாமிரபரணிப் பாலத்தின் இணைப்புச் சாலை அடித்துச் செல்லப்பட்டது. கான்கிரீட்டும் மண்ணும் சேரும் அந்த இடத்தைத்தான் வெள்ளம் தேடிப் பிடிக்கும்.

தனுஷ்கோடியில் கடலே வெள்ளம். 1964 டிசம்பர் புயலில் ஊரும் ரயில் பாதையும் போயின. 2017இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்டது. தென்மேற்குக் காற்றில் ஆண் கடலான மன்னார் வளைகுடா பொங்கும். வாடைக் காலத்தில் பெண் கடலான பாக் விரிகுடாவின் முறை. கரையில் அடுக்கிய கற்களை அலை பெயர்க்க வேண்டியதில்லை. திரும்பும்போது கல் இடுக்கு வழியே மணலை உறிஞ்சினால் போதும், மேலே இருப்பது தானே இறங்கும்.

மலையிலும் கதை இதுதான். 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து 40க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். வெளியேற வழியில்லாத நீர் மண்ணுக்குள் ஊறி, அதைக் கனமாக்கி, அதன் பிடியைத் தளர்த்தியது.

ஆகவே சாலையை ஓர் அடி உயர்த்தினால் சிறுபாலத்தின் கண்ணையும் அகலமாக்க வேண்டும். எந்த மழைக்கு எவ்வளவு ஏறியது என்று சிறுபாலத்தின் சுவரிலேயே கோடு போட்டு வைக்க வேண்டும். ஐப்பசி பிறக்கும் முன் முள்ளும் வண்டலும் அகல வேண்டும். கண்மாய்க்கு நீர்பாய்ச்சி என்றொருவர் இருந்தார். அடைமழை இரவிலும் கலுங்கைப் போய்ப் பார்ப்பது அவர் வேலை. சாலையின் ஒவ்வொரு கலுங்குக்கும் அப்படிப் பொறுப்பான ஓர் ஆள் வேண்டும்.