வெறுங்கால்

ஆடி மாதத்தில் சிவகாசிப் பக்கத்து எங்கள் நாரணாபுரத்துக்கு ஓய்வு கிடையாது. ஆடிப்பெருக்கன்று பூஜை போட்டுத் தீபாவளி வியாபாரத்தைத் தொடங்கிவிடுவார்கள். பட்டாசு ஆலைகளில் வேலை மும்முரமாக நடக்கும். அந்த நெருக்கடிக்கு நடுவில்தான் ஆடிக் கடைசி வெள்ளி வருகிறது. அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகிற இடத்தில் இருக்கிற இருக்கன்குடி மாரியம்மனைப் பார்க்க, சாத்தூர் வழியாக ஊர் ஊராக ஜனங்கள் நடக்கிறார்கள். வாரம் முழுக்க மடக்கி உட்கார்ந்து வேலை செய்த கால்கள், கூலியையும் விட்டுவிட்டு, செருப்பில்லாமல் தார்ச்சாலையில் இறங்குகின்றன. ஏற்கெனவே களைத்த உடம்பு எதற்காக இன்னொரு கஷ்டத்தைத் தேடிப் போகிறது? வெகுநாளாக என்னை விடாத கேள்வி இது.

*

ரோமாபுரியில் வாழ்ந்த செனெகா, தன் நண்பர் லூசிலியசுக்கு எழுதிய கடிதம் ஒன்றில், சில நாட்களை ஒதுக்கி, மலிவான சாப்பாட்டையும் முரட்டுத் துணியையும் வைத்து வாழ்ந்து பார்க்கச் சொல்கிறார். இதற்குத்தானா இவ்வளவு பயந்தோம் என்று அப்போது தெரியுமாம். விடிகாலையில் பச்சைத் தண்ணீரில் குளிப்பவர்களும், மாரத்தான் ஓடுகிறவர்களும் தேடுவது ஏறக்குறைய இதைத்தான். அதில் உண்மை இருக்கிறது. வலியை ஒருமுறை கிட்டத்தில் பார்த்தவனுக்கு அதைப் பற்றிய கற்பனை குறைகிறது.

ஆனால் செனெகா பெரும் பணக்காரர். நாள் முடிந்ததும் மாளிகைக்குத் திரும்பலாம். எங்கள் ஊர்ப் பெண் கோயிலிலிருந்து திரும்பி, மறுபடி ஆலைக்குத்தான் போகிறாள். வறுமையைப் பழக அவளுக்கு ஒத்திகை தேவையில்லை. அவளுடைய நடைக்குக் காரணம் வேறு.

*

பட்டாசு ஆலையின் மருந்து அறைக்குள்ளும் வெறுங்கால்தான். செருப்பை வெளியே விட வேண்டும். செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கிவிட்டு உள்ளே போக வேண்டும். பாத்திரத்தைத் தரையில் இழுக்கக் கூடாது, தூக்கித்தான் வைக்க வேண்டும். சிந்திய மருந்தை மிதிக்கக் கூடாது. உராய்வு, அடி, சூடு, நிலைமின்சாரம் என்று நாலில் ஒன்று போதும், அறையே போய்விடும். பக்கத்துக் கட்டடத்தில் சத்தம் கேட்டால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். கை மட்டும் பதறக் கூடாது.

இப்படிப்பட்ட நிதானத்தை எந்த உடற்பயிற்சிக் கூடமும் கற்றுத்தராது. ஆனாலும் அதை மன உறுதி என்று மேடையில் புகழ எனக்கு மனம் வருவதில்லை. செய்த எண்ணிக்கைக்குக் கூலி என்றால், அந்தக் கூலியே கையை அவசரப்படுத்துகிறது. அவசரப்படுத்திவிட்டு நிதானத்தைப் பாராட்டுவது நியாயமில்லை. வேறு வழியில்லாமல் தாங்குகிறவருக்குத் தேவை நல்ல கூலியும், பாதுகாப்பான அறையும், விதியில் சொன்னதற்கு மேல் ஆளை அடைக்காத முதலாளியும்.

*

ஒரு வருஷம், சாத்தூர் தாண்டிப் போகையில், நடுச்சாமம். தண்ணீர்ப் பந்தலில் ஒரு பெரியம்மா நின்றபடியே மோர் குடித்துக்கொண்டிருந்தார். திரி வெட்டுகிற வேலை அவருக்கு. பாத வெடிப்புகளில் அலுமினியப் பொடி சாம்பல் கோடுகளாக ஏறியிருந்தது. எத்தனை தேய்த்தாலும் போகாத கறை அது. நான் உட்காரப் போனேன்.

“உக்காராதப்பா. உக்காந்தா எந்திரிக்கையில உசுரு போயிரும். மெல்ல நடந்துக்கிட்டே இரு.”

“உங்களுக்குக் கால் வலிக்கலையா பெரியம்மா?”

“வலிக்காம என்ன? ஆனா இது நானா நேந்துக்கிட்டதாச்சே.”

அந்தப் பதிலோடுதான் மீதி வழி நடந்தேன். என்றைக்குக் கிளம்புவது, எவ்வளவு வேகமாக நடப்பது, எந்த மரத்தடியில் நிற்பது, எல்லாம் அவர் முடிவு. மணி அடித்து எழுப்ப ஆளில்லை, எண்ணிக்கை கேட்க ஆளில்லை. வருஷம் முழுக்க இன்னொருவர் கணக்கில் உழைக்கிற உடம்பு அந்த ஓர் இரவு அவருடையதாக இருக்கிறது. வலி அதேதான், ஆலை வலியைவிடக் கூடுதலாகக்கூட இருக்கலாம். தானே தேர்ந்துகொண்டதால் அது அவரைக் குனிய வைக்கவில்லை.

*

நடக்கையில் மனம் முதலில் பேரம் பேசும். அடுத்த ஊர் வரைக்கும் போதும், பஸ் வருகிறது பார் என்று சொல்லும். பிறகு கோபப்படும், கூட வருகிறவரின் பேச்சுகூட எரிச்சலாக இருக்கும். அதையும் தாண்டினால் ஒரு கட்டத்தில் பேசுவதை நிறுத்திவிடுகிறது. காலும் மூச்சும் மட்டும் மிஞ்சுகின்றன. அந்த அமைதி சும்மா உட்கார்ந்திருக்கும்போது எனக்குக் கிடைத்ததில்லை.

*

திரும்பி வருவதும் உறுதியில் சேர்த்தி. சதுரகிரி மலைக்கோயிலுக்கு ஏறத் தாணிப்பாறை அடிவாரம் வரை போய், மழை என்று வனத்துறை தடுத்தால் சிலருக்குக் கோபம் வருகிறது. 2015 மே மாதம் அந்த மலை ஓடையில் திடீரென்று வந்த காட்டாற்று வெள்ளத்தில் பக்தர்கள் இறந்தார்கள். அடிவாரத்தில் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறவரின் விரதம் குறைந்துபோவதில்லை.

சர்க்கரை உள்ளவர்களுக்கும் இதையே சொல்வேன். மரத்துப்போன பாதத்துக்குச் சூடும் தெரியாது, முள் குத்துவதும் தெரியாது. வலியே தெரியாத இடத்தில் தாங்குவதற்கு என்ன இருக்கிறது? சின்னப் புண் விரலை எடுக்கும்படி ஆகிவிடும். செருப்போடு நடங்கள், அம்மன் கோபிக்க மாட்டாள்.

*

நடக்கிறவர்கள் நேர்ந்துகொண்டது கால் வலியை, தூக்கமின்மையை, தாகத்தை. பின்னால் வேகமாக வருகிற வண்டியை யாரும் நேர்ந்துகொள்ளவில்லை. ஆடிக் கடைசி வாரத்தில் இரவு நேரம் சிவகாசி–சாத்தூர் சாலையில் வண்டி ஓட்டுகிறவர்கள், தயவுசெய்து வேகத்தைக் குறைத்து, எதிரில் நடக்கிறவர்கள் கண்ணில் படும்போது விளக்கைத் தாழ்த்தி ஓட்டுங்கள்.