சனியும் பரீட்சையும்

விடைத்தாளில் ஒரு சனியையும் வீட்டில் வேறொரு சனியையும் வைத்துக்கொண்டு வாழும் வாலிபனைக் கற்றவன் என்று கூறலாமா? சிங்கப்பூரிலே ஃபேரர் பார்க் வட்டாரத்தை அறிந்தவர்க்கு இக்கேள்வி புதிதன்று. அங்கே ரயில் நிலையத்தை அடுத்துச் சிராங்கூன் சாலையில் ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயில் நிற்கிறது. சனியின் கெடுதல் தணியப் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பெருமாளைத் தொழுவது நம்மவர் வழக்கம். சூரிய மண்டலத்தைப் பற்றிய இறுதிப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவன் ஒருவனும் அக்கூட்டத்தில் நிற்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பின்னர் அவனே, சனி பெரும்பாலும் ஹைட்ரஜனும் ஹீலியமும் திரண்ட கோளம் என்றெழுதி முழு மதிப்பெண்ணும் பெறுவான்.

இவனைப் பரிகசிப்பது எளிது. நம் இயக்கத்தாரிற் சிலர் அத்துடன் திருப்தியும் அடைந்துவிடுகின்றனர். ஆனால் பரிகசிக்கும் தோழரை நோக்கி, சனி சூரியனை ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய 29½ ஆண்டு என்பதை எவ்வாறு அறிந்தீர் என வினவினால், புத்தகத்தில் இருக்கிறது என்பார். பஞ்சாங்கக்காரர் சொல்வதும் அதுதானே!

ஏழரைச் சனியையே எடுத்துக்கொள்வோம். அந்த 29½ ஆண்டை 12 ராசிக்குப் பங்கிட்டால் ராசிக்குச் சுமார் 2½ ஆண்டு. மூன்று ராசிக்கு 7½. தூரதரிசினி தோன்றுமுன், தலைமுறை தலைமுறையாக வானத்தை நோக்கியிருந்தவர் கண்ட அளவு அது. அதனை இகழ நமக்கு மனம் வரவில்லை. அதன்மேல் ஏற்றப்பட்ட அச்சத்தையே நாம் மறுக்கிறோம்.

ராகு காலத்தின் கதை வேறு. ராகு ஒரு கோளே அன்று. சந்திரன் பாதை சூரியன் பாதையை வெட்டும் ஓர் இடம். கிரகணம் நிழலால் நேர்வதென்று கி.பி. 499-ஆம் ஆண்டளவிலேயே ஆரியபட்டர் எழுதிவிட்டார். திங்கட்கிழமை 7.30 முதல் 9 வரை ராகு காலம் என்னும் மனப்பாடம், சூரியன் 6 மணிக்கு உதிப்பதாகக் கொண்ட கணக்கு. சிங்கப்பூர்க் கடிகாரமோ 1982 ஜனவரி முதல் தேதியன்று அரைமணி முன்னே தள்ளப்பட்டது. அங்குச் சூரியோதயம் ஏறக்குறைய 7 மணிக்கு. ஆகவே அம்மனப்பாடத்தை நம்பிப் பரீட்சைக்குப் புறப்படத் தயங்குவோர், சாஸ்திரப்படியே பார்த்தாலும், தவறான நேரத்திற்கன்றோ அஞ்சுகின்றனர்!

அப்படியானால் பரீட்சைக்கு எவ்வாறு ஆயத்தமாவது? கிரகங்கள் எட்டு என உருப்போடுவதற்கு முன், 2006-இல் பிராக் நகரில் கூடிய வானநூலார் புளூட்டோவை ஏன் நீக்கினர் என்று கேட்டறிய வேண்டும். 29½-ஐ அதனாலேயே பெருக்கி, வந்த தொகையின் கனமூலத்தைக் கண்டால் 9½-க்குச் சற்று மேல் வரும். சூரியனிடமிருந்து நமக்குள்ள தூரத்தைப்போல் அத்தனை மடங்கு தொலைவில் சனி இருக்கிறது. இவ்விதியைக் கண்ட கெப்ளர் ஜாதகமும் கணித்துப் பணம் பெற்றவர். இரட்டை வாழ்க்கை நம்மவர்க்கு மட்டும் உரியதன்று போலும்!

கணக்கோடு கண்ணும் வேண்டும். நகரத்து விளக்கொளி பால்வீதியை மறைக்கும். வியாழனையும் சனியையும் மறைக்காது. அடுக்குமாடி வராந்தாவில் நின்று, நல்ல இருகண் தூரநோக்கியால் வியாழனின் நான்கு சந்திரர்கள் இரவுக்கிரவு இடம் மாறுவதைக் காணலாம். 1610-இல் கலிலியோ கண்டவை அவையே. விளக்குக் குறைந்த லயத்து வாசலில் இருக்கும் தோட்டத்து நண்பர்க்கு இவ்வசதி இன்னும் அதிகம்.

மாணவனின் தாயார் சனிக்கு எள் விளக்கு ஏற்றச் சொல்லலாம். அவரோடு வாதிட்டு மனம் நோகச் செய்வதும், தான் படித்ததை மறைத்து ஏற்றிவிட்டு வருவதும் நமக்கு உடன்பாடல்ல. சிறு தூரதரிசினி ஒன்றை இரவல் பெற்று, அம்மையாரை அழைத்துச் சனியின் வளையத்தைக் காட்டட்டும். அதன் பின்னும் அவர் விளக்கேற்றக்கூடும், ஏற்றட்டும்.