முகமூடியும் மூச்சும்

நம் புதுக்கவிதையில் முகமூடியைப் போல் தேய்ந்த படிமம் வேறில்லை. கிழிப்பது, கழற்றுவது, கழற்றிய பின் கீழே முகமே இல்லாதிருப்பது - இரண்டு தலைமுறையாக இதே காரியம்தான். இதன் பின்னுள்ள தார்மீகம் எளிது: மூடியது பொய், திறந்தது நிஜம். 2020இல் முகமூடி வெறும் துணியாகவே வந்து சேர்ந்தபோது இந்தத் தார்மீகம் நமக்கு உதவவில்லை.

அரசாங்கம் அதற்கு முகக்கவசம் என்று பெயரிட்டது. இதுவும் பாதி உண்மைதான். கவசம் என்றால் அணிந்தவனைக் காப்பது. இந்தத் துணியும் ஓரளவு காக்கும். ஆனால் அதற்காக மட்டும் என்றால் கட்டாயப்படுத்த நியாயமில்லை. என் உயிர், என் துணிச்சல் என்று சொல்லிவிடலாம். கட்டாயத்தின் நியாயம் வேறிடத்தில் இருக்கிறது. இந்த நோய், அறிகுறி தெரியுமுன்பே ஒருவனிடமிருந்து இன்னொருவனுக்குப் போகக்கூடியது. பொது இடத்தில் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பது எனக்கே தெரியாது. மனம் சுத்தமாக இருக்கலாம், மூச்சு அப்படியில்லாமல் இருக்கலாம். நேர்மையையே அறத்தின் முழு அளவாகக் கொண்டுவிட்ட நம் இலக்கியத்துக்கு இது சங்கடமான செய்தி. வாயில் வெள்ளைத் துணி கட்டும் ஸ்தானகவாசி ஜைனத் துறவிக்கு இது புதிதல்ல. எண்ணத்தில் இல்லாத ஹிம்சை மூச்சில் இருக்கலாம் என்று ஒப்புக்கொண்ட பிறகே அவர் பேசத் தொடங்குகிறார்.

ஆனால் விதி தற்காலிகமானது என்பதையும் யோசிக்க வேண்டும். 1918 அக்டோபரில் சான்பிரான்சிஸ்கோ நகரம் இன்ஃப்ளூயன்சாவுக்காக முகத்துணியைக் கட்டாயமாக்கியது. நவம்பர் 21ஆம் தேதி நண்பகலில் ஊதல் ஒலித்ததும் ஜனங்கள் துணியைக் கழற்றித் தெருவில் எறிந்தார்கள். 1919 ஜனவரியில் நோய் திரும்பியது, விதியும் திரும்பியது. இம்முறை அதை எதிர்க்கவே ஒரு சங்கம் கூடியது. முதல் முறையே மேயரும் சுகாதார அதிகாரியும் குத்துச்சண்டைப் பந்தயத்தில் துணியில்லாமல் உட்கார்ந்திருந்து அபராதம் கட்டியவர்கள். பாங்கியில் வேலை பார்ப்பவனுக்கு இது எளிதில் புரியும். தற்காலிக விதி என்பது கைமாற்று. தவணை சொல்லி வாங்க வேண்டும், சொன்னபடி திருப்ப வேண்டும். வாங்கியவனே நாணயம் தவறினால் அடுத்த முறை அபராதத்தைத்தான் உயர்த்த வேண்டியிருக்கும். தமிழ்நாட்டில் 2020இல் 200 ரூபாயாக இருந்தது 2022இல் 500 ஆயிற்று.

எங்கள் கிளையில் முன்பெல்லாம் முகம் மூடி வருபவரை வாசலில் நிறுத்துவோம். பிறகு மூடாதவரை நிறுத்தினோம். 2021இல் பென்ஷன் வாங்க ஒரு அம்மாள் வந்தார். காது மந்தம். உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடிப்பவர் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. துணிக்குள்ளிருந்து கத்தினேன். எழுதிக் காட்ட வழியில்லை, கைநாட்டு. "மொகத்தக் காட்டிச் சொல்லு தம்பி" என்றார். நடுவில் கண்ணாடி இருக்கிறதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு துணியை இறக்கினேன். தொகையைச் சொன்னேன்.

அடுத்த பத்து நாட்கள் என் உடம்பில் ஜுரத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். வரவில்லை. வராததனால் நான் செய்தது சரியாகிவிடாது. துணியை இறக்காமலே இருந்திருந்தால் அதுவும் முழுக்கச் சரியாக இருந்திருக்காது. மூடியிருந்ததும் அவருக்காக, திறந்ததும் அவருக்காக. மூடியது பொய், திறந்தது நிஜம் என்கிற நம் கணக்கில் இந்த இரண்டையும் பதிய இடமில்லை.