கிரகணத்தைக் காட்டிக் கடவுளானவர்கள்

ஹென்றி ரைடர் ஹாகர்டின் 'சாலமன் மன்னனின் சுரங்கங்கள்' 1885இல் வெளிவந்தது. காணாமல்போன ஒருவரையும் வைரங்களையும் தேடி ஆப்பிரிக்க உள்நாட்டுக்குள் போகும் மூன்று ஆங்கிலேயர்கள், குக்குவானா மக்களிடம் தங்களை விண்மீனிலிருந்து இறங்கியவர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். அவர்களில் ஒருவரான கேப்டன் குட்டின் கழற்றி மாட்டும் பொய்ப்பற்கள் அதற்குச் சாட்சியாகின்றன. பிறகு கையிலிருந்த பஞ்சாங்கத்தில் கிரகண நாளைப் பார்த்துவிட்டு, வானத்தை இருட்டாக்குவோம் என்கிறார்கள். முதல் பதிப்பில் அது சூரிய கிரகணம். அமாவாசையன்று மட்டுமே சூரிய கிரகணம் வரும். கதையிலோ முழுநிலவு காய்கிறது. பிற்பதிப்புகளில் அது சந்திர கிரகணமாக மாறியது.

இந்தக் காட்சிக்கு வரலாற்றிலேயே முன்னோடி உண்டு.

புழு அரித்த கப்பல்களோடு 1503இல் ஜமைக்காவில் ஒதுங்கிய கொலம்பஸுக்கு முதலில் உள்ளூர் மக்கள் சோறு போட்டார்கள். மாதங்கள் போயின. கொலம்பஸின் ஆட்களில் ஒரு பகுதியினர் கலகம் செய்து ஊர்களைச் சூறையாடினார்கள்; உணவு வரத்து குறைந்தது. 1504 பிப்ரவரி 29 அன்று சந்திர கிரகணம் என்பதைப் பஞ்சாங்கத்தில் கண்ட கொலம்பஸ், தம் கடவுள் கோபம்கொண்டு நிலவைச் சிவக்கவைப்பார் என்று அம்மக்களை மிரட்டினார். நிலவு சிவந்தது, உணவும் வந்தது. உடனிருந்த மகன் ஹெர்னாண்டோ இதை எழுதி வைத்திருக்கிறார்.

கொலம்பஸ் போலி பக்தர் அல்ல. விவிலிய வசனங்களைத் திரட்டித் 'தீர்க்கதரிசனங்களின் நூல்' தொகுத்தவர். இறைவனின் பெயரை வீணாக எடுக்கக் கூடாது என்ற கட்டளையை அறிந்தவர். அப்படிப்பட்ட ஒருவர் அந்தப் பெயராலேயே பொய் சொல்லலாமா? நிலா சிவக்கும் என்றது உண்மை. யார் சிவக்கவைக்கிறார் என்பதில்தான் பொய் இருந்தது.

குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவர் ஒரு வழி திறந்து வைத்திருக்கிறார். ஹாகர்டின் நாயகர்கள் அதில் பாதி தூரமாவது போக முடியும்: கிரகணத்தின்போதுதான் ஃபவுலட்டா என்ற இளம்பெண் பலியிலிருந்து தப்புகிறாள். கொலம்பஸுக்கு அந்த வழியில்லை. கொள்ளைபோனவர்களையே தண்டனைக்குரியவர்கள் என்று கடவுளின் வாயால் சொல்லவைத்தார் அவர். உயிர் காத்த பொய்யை மன்னிக்கலாம். ஆனால் ஒரு மக்கள் கூட்டம் வானத்தை நோக்கிக் கூப்பிய கைகளைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வது வழிபாட்டையே களவாடுவது. சாகச நாவல்கள் இதைச் சமயோசிதம் என்று கொண்டாடியது பெரும்பிழை.

இலக்கியத்துக்குள்ளேயே இதற்குப் பதில் வந்தது. அகுஸ்தோ மோந்தெர்ரோசோவின் 'கிரகணம்' என்ற மிகச் சிறிய கதையில், குவாத்தமாலா காட்டில் சிக்கிய ஸ்பானியத் துறவி ஒருவர் இதே தந்திரத்தை முயல்கிறார். பலிபீடத்தில் அவர் உயிர் போகும்போது, மாயர்களில் ஒருவன் தங்கள் வானியலாளர்கள் முன்கூட்டியே கணித்த கிரகண நாட்களை ஒவ்வொன்றாக ஒப்பிக்கிறான். இது வெறும் கற்பனை அல்ல. மாயர்களின் டிரெஸ்டன் சுவடியில் கிரகண அட்டவணையே இருக்கிறது.

தெரியாத மண்ணில் வேறு விதமாகவும் நடந்துகொள்ள முடிந்திருக்கிறது. புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் தரையில் சோழிகளை வைத்து, மனப்பாடமான வாக்கியங்களைக் கொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்துக்காட்டினார். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜான் வாரன் அந்த முறையைக் கேட்டறிந்து, 1825இல் 'கால சங்கலிதம்' நூலில் பதிவுசெய்தார். ஹாகர்டின் நாவலுக்கு 60 ஆண்டுகள் முன்பு நடந்தது இது.