உடையவன் யார்?

ஒரு பொருளை முழு விலையும் கொடுத்து வாங்கியவன் அப்பொருளுக்கு உடையவன் ஆகிறானா? சந்தையிலே மண்வெட்டி வாங்கும் உழவனுக்கு இக்கேள்வியே வேடிக்கையாகப் படும். பிடி உடைந்தால் அவன் ஒரு கம்பைச் சீவிப் புதுப்பிடி போடுகிறான். அதற்காகக் கொல்லனிடம் அனுமதி கேட்பதில்லை. மண்வெட்டியும் புதிய பிடியை மறுப்பதில்லை. ஆயினும், அண்மையில் எமக்கு நேர்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி இக்கேள்வி அத்துணை எளியதன்று என்பதை உணர்த்திற்று.

வடமராட்சியில் நாம் கற்பிக்கும் பாடசாலையில் உயர்தர வகுப்பு மாணவருக்கென ஒரு மடிக்கணினி உண்டு. பழைய மாணவர் சிலர் சேர்ந்து வாங்கித் தந்தது. 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனா நோயினாற் பாடசாலைகள் மூடிக்கிடந்தபோது அதன் வழியாகவே பாடம் நடத்தினோம். 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரத்தை எட்டியபோதும் அதன் பற்றரிதான் கைகொடுத்தது. பற்றரிக்கும் ஆயுள் உண்டன்றோ! சில நூறு முறை மின்னேறி இறங்கிய பின் அதன் கொள்ளளவு தேய்ந்தது. ஈற்றில் வயிறு வீங்கியது. வீங்கிய இலிதியம் பற்றரி தீப்பற்றக் கூடும் என்பதால் அதைக் கழற்றி அகற்றினோம். அந்த மாதிரிக்குரிய பற்றரியைத் தயாரித்த நிறுவனமே விற்பதை நிறுத்திவிட்டது. ஆசிரியரும் மாணவரும் காசு சேர்த்து, வேறொரு நிறுவனம் செய்த பற்றரியை வாங்கிப் பொருத்தினோம். அளவு பொருந்தியது, முனைகள் பொருந்தின, மின்னழுத்தமும் பொருந்தியது. ஆனால், இப்பற்றரி தன்னால் ஏற்றுக்கொள்ளப்பட்டதன்று, ஆதலால் மின்னேற்றப்படமாட்டாது என்னும் பொருள்பட இயந்திரம் திரையில் அறிவித்தது.

முதலில் எமது அறியாமையையே ஐயுற்றோம். செய்யத்தக்கன யாவும் செய்து பார்த்தோம். மின்னிணைப்பையும் பற்றரியையும் கழற்றி, தொடக்க விசையை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து எஞ்சிய மின்னை வெளியேற்றினோம். பித்தளை முனைகளைத் துடைத்தோம். விண்டோஸின் டிவைஸ் மனேஜர் பகுதியில் பற்றரிக்குரிய பதிவை நீக்கி மீண்டும் தொடக்கினோம். பயோஸ் என்னும் அடிப்படை மென்பொருளையும் புதிய பதிப்புக்கு மாற்றினோம். பயனில்லை. ஒரு செய்தி மட்டும் எம்மைச் சிந்திக்க வைத்தது. கடையிலிருந்து வந்தபோது பற்றரியில் இருந்த மின்னைக் கொண்டு மடிக்கணினி ஏறத்தாழ ஒரு மணிநேரம் ஓடியது. மின்னைத் தரும்போது ஏற்றுக்கொண்ட இயந்திரம், அதற்கு மின்னைத் திருப்பிக் கொடுக்க மட்டும் மறுத்தது.

நெல்லியடியிலே சிறு கடையொன்றில் மின்பொருள் திருத்தும் இளைஞர் ஒருவரிடம் கொண்டு சென்றோம். அவர் மீற்றர் வைத்து அளந்தார். அதே நிறுவனத்தின் முந்திய ஆண்டு மாதிரியொன்று அவரிடம் இருந்தது. அதில் எமது பற்றரியைப் பொருத்தினார். தடையின்றி மின்னேறியது. பிறகு சொன்னார்:

“சேர், பற்றரி நல்ல பற்றரிதான். உங்கட மெசின் அதை ஏற்குதில்லை. திருத்திறதுக்கு இதில பழுது ஒண்டும் இல்லை.”

வகுப்புக்குத் திரும்பி இதனைக் கூறியபோது மாணவி ஒருத்தி கேட்டாள்: “காசு குடுத்து வாங்கினது நாங்கள், சேர். வேண்டாம் எண்டு சொல்ல அது ஆர்?” இக்கட்டுரை அம்மாணவிக்குரிய விடையைத் தேடும் முயற்சியேயாகும்.

மடிக்கணினியின் பற்றரி வெறும் இரசாயனக் கலம் அன்று. கலங்களோடு ஒரு சிறு மின்னணுச் சிப்பும் அதனுள் இருக்கிறது. எவ்வளவு மின் எஞ்சியுள்ளது, வெப்பநிலை யாது, எத்தனை முறை மின்னேறியது என்பவற்றை அச்சிப் கணக்கிட்டு, மெல்லிய இரு கம்பி வழியே கணினிக்குத் தெரிவிக்கிறது. 1990களின் நடுப்பகுதியில் இன்டெல், டியூராசெல் ஆகிய நிறுவனங்கள் கூடி வகுத்த பொது ஒழுங்கு இது. பற்றரியும் கணினியும் ஒரே மொழியில் உரையாட வேண்டும் என்பதே அதன் நோக்கம். யார் செய்த பற்றரியாயினும் அம்மொழியைப் பேசினாற் போதும். பின்னர் அதே கம்பியின் வழியே வேறொரு கேள்வி அனுப்பப்படலாயிற்று. கணினி ஓர் இரகசிய எண்ணைக் கேட்கிறது. நிறுவனம் வழங்கிய திறவுகோலை உடைய சிப் மாத்திரமே சரியான விடை கூறவல்லது. விடை பிழைத்தால் மின்னேற்றம் இல்லை. “உனது வெப்பம் எவ்வளவு?” என்று கேட்க அமைந்த கம்பியில், “உன்னைப் பெற்றவர் யார்?” என்ற விசாரணை புகுந்துவிட்டது. எல்லா நிறுவனங்களும் இதனைச் செய்வதில்லை. செய்வனவும் எல்லா மாதிரிகளிலும் செய்வதில்லை. ஆயினும் வாங்கும்போது இதனை எவரும் எமக்குச் சொல்லவில்லை.

நிறுவனங்களின் வாதத்தையும் நேர்மையோடு கேட்டல் வேண்டும். இலிதியம் பற்றரி விளையாட்டுப் பொருளன்று. தரங்குறைந்த கலம் தீப்பற்றினால் வீடே எரியும். போலிப் பற்றரிகள் சந்தையில் மலிந்திருப்பதும் மெய். ஆகவே பாதுகாப்புக்காகவே தடுக்கிறோம் என்கின்றனர். இவ்வாதத்தை முற்றாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் 2006ஆம் ஆண்டை இங்கு நினைவுகூர வேண்டும். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் டெல் நிறுவனம் ஏறத்தாழ 41 இலட்சம் மடிக்கணினிப் பற்றரிகளைத் தீ விபத்து அபாயங் கருதித் திரும்பப் பெற்றது. அவை போலிகள் அல்ல. டெல் நிறுவனமே தன் கணினிகளோடு விற்றவை. அவற்றின் கலங்களைச் செய்தது சோனி நிறுவனம். முத்திரை வேறு, பாதுகாப்பு வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா? பாதுகாப்பே நோக்கமாயின் வழி உண்டு. பற்றரியின் வெப்பத்தையும் மின்னோட்டத்தையும் அளந்து, வரம்பு மீறினால் நிறுத்தலாம். ஐ.ஈ.சி. 62133 போன்ற அனைத்துலகத் தரத்திற் தேறிய எப்பற்றரியையும் ஏற்கலாம். தேறாதது என ஐயுற்றால் எச்சரிக்கலாம். எச்சரிப்பவன் நண்பன், அளந்து பாராமலே மறுப்பவன் காவற்காரன்.

காவற்காரர் என்றதும் யாழ்ப்பாணத்தவருக்குப் பழைய நினைவொன்று எழாமற் போகாது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட பின்னர், வடக்கே கொண்டு வரக்கூடாத பொருள்களின் பட்டியலில் ரோர்ச் பற்றரியும் இருந்தது. மின்சாரம் அறவே இல்லாத குடாநாட்டில் பற்றரியும் தடை. சோனி நிறுவனம் உலகின் முதல் இலிதியம்-அயன் பற்றரியை விற்பனைக்கு விட்ட 1991ஆம் ஆண்டில், எமது பெற்றோர் ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் சிறிது மண்ணெண்ணெயும் இட்டுத் திரி கொளுத்தி அவ்வொளியில் வாழ்ந்தனர். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதிக்க, டைனமோ மின்னில் வானொலிச் செய்தி கேட்டனர். பெற்றோல் இல்லாதபோது பழைய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினர். அந்நாள்களில் நாம் குழந்தைகள், அல்லது பிறவாதவர்கள். பெரியோர் கூறக் கேட்டவற்றையே எழுதுகிறோம். இத்துன்ப காலத்தைப் போற்றுவது எம் நோக்கமன்று. ஆனால் அக்காலத்து மக்களை வாழவைத்த ஒன்று உண்டு: கையிலுள்ள பொருளைத் திறந்து பார்த்து, மாற்றி அமைக்கும் சுதந்திரம். அன்று தடை வீதியில் நின்றது, பொருளுக்குள் நிற்கவில்லை. மொறிஸ் மைனர் தனக்கு ஊற்றப்பட்ட எண்ணெயின் பிறப்புச் சான்றிதழைக் கேட்டிருந்தால் எத்தனை நோயாளர் வழியிலேயே இறந்திருப்பர்!

இனி, உடைமை என்னும் சொல்லையே சற்று ஆராய்வோம். பொருள் கையில் இருத்தல் ஒன்று. அதன்மீது உரிமை இருத்தல் மற்றொன்று. இவ்வேறுபாட்டை எம்மவர் நன்கறிவர். 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியில் எழுத்தில் தொகுக்கப்பட்ட தேசவழமையில் ஒற்றி என்றொரு முறை உண்டு. கடன் கொடுத்தவன் வட்டிக்குப் பதிலாகக் காணியின் விளைவை அனுபவிப்பான். காணி அவன் கையில் இருக்கும். உரிமையோ கடன் வாங்கியவனிடமே நிலைக்கும். கொடுத்த பணம் திரும்பினால் காணியும் திரும்பும். இது இருவருக்கும் தெரிந்த ஒப்பந்தம். எமது மடிக்கணினியின் நிலை யாது? நாம் கொடுத்தது கடன் அன்று, முழு விலை. அது திரும்பப் போவதுமில்லை. ஆயினும் எதனை ஏற்பது, எதனை மறுப்பது என்னும் உரிமை விற்றவரிடமே தங்கிவிட்டது. விலைக்கு வாங்கினோம் என எண்ணினோம். ஒற்றிக்காரனுக்கு உள்ள தெளிவுகூட எமக்கு இல்லை. பொருளை விற்ற பின்னும் அப்பொருளின் மீது ஆட்சி செலுத்துவது இன்றைய முதலாளித்துவம் கண்ட புதிய முறை. பண்டத்தின் விலையோடு அதன் ஆயுளையும் விற்பவரே நிர்ணயிக்கிறார். பற்றரி மறுக்கப்பட்டால் அடுத்து வாங்க வேண்டியது புதிய மடிக்கணினி. அந்நியச் செலாவணி இன்றித் தவித்த நாடொன்றில், இன்னும் பல ஆண்டு உழைக்கக்கூடிய இயந்திரம் குப்பைக்குப் போகிறது. நெல்லியடி இளைஞரின் கைத்திறனோ பிழைப்புக்கு உதவாததாகிறது.

இவ்விடத்தில் இன்னொன்றையும் கூறாதிருக்க முடியவில்லை. ஒன்றன் ஆற்றலை அளக்காமல் அதன் பிறப்பை விசாரித்து வாயிலை அடைப்பது எமது சமூகத்துக்குப் புதியதன்று. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் முன்றலில் உள்ளே செல்ல உரிமை கோரி நின்றவர்களிடம் கேட்கப்பட்டதும் பிறப்பைப் பற்றிய கேள்வியே. மனிதருக்கு இழைக்கப்பட்ட அவமதிப்பையும் ஒரு பொருளுக்கு நேர்ந்த மறுப்பையும் நாம் ஒரே தராசில் வைக்கவில்லை; அது பெரும் பிழையாகும். ஆனால் அன்றும் ‘தூய்மை’ என்ற நல்ல சொல்லே பூட்டுக்குப் பெயராக இருந்தது; இன்று ‘பாதுகாப்பு’ என்னும் நல்ல சொல் இருக்கிறது. நல்ல சொல்லின் பின்னே யாருடைய நன்மை நிற்கிறது என்று கேட்கப் பழகுதல் எக்காலத்துக்கும் வேண்டிய பயிற்சி.

உலகம் இதற்கு முற்றும் பணிந்துவிடவில்லை என்பது ஆறுதல். அச்சுப்பொறியின் மைக்குடுவையிற் சிப் வைத்து, மீண்டும் மை நிரப்புவதைத் தடுக்க முயன்ற லெக்ஸ்மார்க் நிறுவனத்தின் வழக்கில், பொருளை விற்றதோடு அதன்மீதுள்ள காப்புரிமையும் தீர்ந்துபோகிறது என அமெரிக்க உயர் நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. உழவு இயந்திரத்தைத் தாமே திருத்தும் உரிமை கேட்ட உழவருக்காகக் கொலராடோ மாநிலம் 2023இல் சட்டம் இயற்றிற்று. நிறுவனம் ஒப்பாத உதிரிப்பாகங்களை மென்பொருளால் மறுக்கச் செய்வதை ஒறிகன் மாநிலம் 2024இல் தடுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டுப் பற்றரிச் சட்டம் எமது வழக்கையே பேசுகிறது எனலாம்: பொருந்தும் வேறொரு பற்றரியை இடுவதற்கு மென்பொருள் தடையாக இருத்தல் ஆகாது என்றும், பயன்படுத்துவோரே பற்றரியைக் கழற்றி மாற்றக்கூடியதாகப் பொருள்கள் அமைய வேண்டும் என்றும் அது விதித்து, 2027 பெப்ரவரி 18ஐ நாளாகக் குறித்தது. இவை தாமாகக் கனிந்தவை அல்ல. உழவரும் திருத்துநரும் பாவனையாளரும் சேர்ந்து கேட்டதனாற் கிடைத்தவை.

நாம் செய்யக்கூடியது யாது? பாடசாலைக்கு ஓர் இயந்திரம் வாங்கும்போது விலையையும் வேகத்தையும் மட்டும் கேட்கிறோம். “இதன் பற்றரியை நாமே மாற்றலாமா? பிறர் செய்த பற்றரியை இது ஏற்குமா?” என்று கேட்டுப் பதிலை எழுத்திற் பெறலாம். இயந்திரத்தைத் தொடாதே என்று மாணவரை அதட்டுவதை விடுத்து, பழுதான ஒன்றையேனும் ஆசிரியரின் மேற்பார்வையில் திறந்து காட்டலாம். திருத்தும் தொழிலாளியைப் படிப்பில் தேறாதவர் என எண்ணும் எமது யாழ்ப்பாணத்து மனப்பான்மையையும் அதனோடு திறந்து பார்க்கலாம். திருத்தும் உரிமை எமது சட்டத்திலும் இடம்பெற வேண்டும் எனக் கேட்பது ஆசிரிய சங்கங்களுக்கு அயலான கோரிக்கையன்று.

மாணவியின் கேள்விக்கு இப்போது விடை கூறலாம். “வேண்டாம் என்று சொல்வது இயந்திரம் அன்று, பிள்ளை; இயந்திரத்துக்குள் இருந்து அதை விற்றவர் சொல்கிறார். நீ வாங்கியது பொருளை மட்டுமே. உரிமையை இனித்தான் பெற வேண்டும்.”

மடிக்கணினி இப்பொழுதும் வகுப்பறையில் இருக்கிறது. சுவரிலுள்ள மின்னிணைப்போடு கட்டுண்டு வேலை செய்கிறது. மின்சாரம் நின்றால் பாடத்தின் நடுவே அணைந்துவிடுகிறது. அதனருகே, குறையேதுமில்லாத ஒரு பற்றரி வெறுமையாகக் கிடக்கிறது. அதனை எறிந்துவிட நாம் இன்னும் உடன்படவில்லை.